நாக்கில் தொங்கும் ஹோஸ்

மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில் அந்தத் தகர ஷெட் இருக்கிறது. உள்ளே இரண்டு கார்தான் நிற்கும். மூன்றாவது வந்தால் தெருவில், வேப்பமர நிழலில் வேலை. அன்று மூன்றாவது என் பதினோரு வயது டீசல் கார்.

ஒரு மாதமாக அதற்கு இழுவையே இல்லை. அடையாறு திரு.வி.க. பாலம் ஏறும்போது மூச்சு முட்டும். மிதித்தால் கரும்புகை வரும், வேகம் வராது. பிறகு டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்து, வண்டி மாட்டுவண்டி வேகத்துக்கு அடங்கிவிடும். சாவியை அணைத்துப் போட்டால் ஐந்து நிமிடம் நல்ல பிள்ளையாக ஓடும். வேறோர் இடத்தில் காட்டியபோது, போனட்டைச் சரியாகத் திறக்கும் முன்பே 'டர்போ போயிடுச்சு' என்று எண்பதாயிரம் ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிவிட்டார்கள்.

ஷெட்டின் அண்ணன் அந்தத் தாளைப் படிக்கவில்லை. அதன்மேல் ஸ்பானரை வைத்தார். "டர்போ போச்சுன்னா ஊளையிடும் சார், ஆயில் குடிக்கும். ஆயில் குறையுதா?"

"இல்லைண்ணே."

"அப்ப இருங்க, பாப்போம்."

முதலில் அவர் செய்தது எனக்கு விசித்திரமாகப் பட்டது. ஸ்கேனரை மாட்டி, இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டார். திரையில் காற்றழுத்தம் 1008 மில்லிபார் என்று வந்தது. தலையாட்டிக்கொண்டார். இஞ்சின் ஓடாதபோது உள்ளே இருப்பது வெறும் வெளிக்காற்று. கடல் மட்டத்தில் இருக்கும் சென்னையில் அது ஆயிரத்துக்கு மேல் சொச்சம் காட்டவேண்டும். "இதே வண்டி ஊட்டியில நின்னா எண்ணூறுக்குக் கீழதான் காட்டும். இங்க எண்ணூறு காட்டினா சென்சார் பொய் சொல்லுதுன்னு அர்த்தம்." பொய் சொல்லாத சாட்சி கிடைத்த பிறகுதான் விசாரணை. பதிவாகியிருந்த கோடு பி0299. கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம் வரவில்லை என்பது அதன் பொருள்; டர்போ கெட்டுவிட்டது என்பதல்ல. எண்பதாயிரம் எஸ்டிமேட்டுக்கும் இந்த விசாரணைக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் இவ்வளவுதான்.

டர்போ என்பது ஒரே தண்டின் இரு முனையில் இரண்டு சக்கரங்கள். புகைபோக்கிக்குப் போகிற சூடான வாயு ஒன்றைச் சுழற்றும். மற்றது வெளிக்காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளும். 1905இல் ஆல்ஃபிரெட் பூக்கி என்ற ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் காப்புரிமை வாங்கிய யோசனை. இன்று மாமல்லபுரம் போகிற வழியில், பையனூரில் டர்போ எனர்ஜி ஆலை இதைத்தான் செய்கிறது. சிறிய கார்களின் டர்போ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேலும் போகும். அதை அடக்குவதில்தான் சாமர்த்தியம். காற்று குறைந்தால் புகை, கூடினால் கேஸ்கெட்டுக்கும் பிஸ்டனுக்கும் ஆபத்து. எளிய டர்போவில் ஏரி மதகு மாதிரி ஒரு கதவு, மிஞ்சிய வாயுவைத் திருப்பிவிடும். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இஞ்சினில் 75 குதிரைத்திறன் ரகத்துக்கு அது போதும். 90 குதிரைத்திறன் ரகத்தில் மதகு கிடையாது. சக்கரத்தைச் சுற்றி அசையும் இதழ்கள். செடிக்குத் தண்ணீர் விடும்போது குழாய் வாயை விரலால் அடைத்தால் பீய்ச்சுமே, அந்த வித்தைதான். இதழ்களை இழுப்பது ஒரு கம்பி, கம்பியை இழுப்பது வேக்குவம், வேக்குவம் வருவது பென்சில் பருமன்கூட இல்லாத ஹோஸ் வழியாக. என் வண்டியும் இந்த இதழ் ஜாதி.

வேக்குவம் கைப்பம்பை நேராக, கம்பியை இழுக்கும் ஆக்சுவேட்டரில் செருகி அண்ணன் அழுத்தினார். கம்பி வழுக்கிக்கொண்டு ஏறியது, விட்டதும் இறங்கியது. கரி பிடித்திருந்தால் இப்படி வழுக்காது, நாளெல்லாம் தி. நகர் நெரிசலில் ஊர்கிற வண்டிகளுக்கு அந்த வியாதி வரும். அழுத்திப் பிடித்தபோது பம்பின் மீட்டர் முள் இறங்காமல் நின்றது. ஆக, டர்போ நிரபராதி. அடுத்து இஞ்சின் ஓட, வேக்குவம் பம்பின் வாயில் மீட்டர்: 24 அங்குலம் பாதரசம். ஹோஸின் மறுமுனையில்: 9.

நடுவில் எங்கேயோ திருட்டு. உதவிக்கு நின்ற பையன் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். ஒரு முனையை விரலால் அடைத்து, மறுமுனையிலிருந்து காற்றை வாயால் உறிஞ்சி நாக்கு நுனியில் ஒட்டவிட்டான். ஒழுகாத ஹோஸ் நாக்கிலேயே தொங்கும். இரண்டு தொங்கின. மூன்றாவது பொத்தென்று விழுந்தது. பேட்டரித் தட்டின் விளிம்பில் உரசி உரசி, நூல் உறைக்குள்ளே ரப்பர் நகக்கீறல் அளவுக்கு வெடித்திருந்தது. உறை மூடியிருந்ததால் கண்ணுக்குத் தெரியாது.

பையன் பைக்கில் புதுப்பேட்டைக்குப் போய், இருநூறு ரூபாய்க்குள் ஒரு முழம் வாங்கிவந்தான். பளபளவென்று நீல சிலிக்கான் ஹோஸும் கிடைக்கும். ஆயில் பட்டால் அது உப்பிக்கொள்ளும் என்று அண்ணன் அதைத் தொடுவதில்லை.

கதை அத்தோடு முடியும் என்று நினைத்தேன். மறுநாள் விடிகாலை காமராஜர் சாலையில், கலங்கரை விளக்கத்திலிருந்து உழைப்பாளர் சிலை நோக்கி, மூன்றாவது கியரில் அறுபதைத் தாண்டாமல் ஓட்டினோம். அண்ணன் மடியில் லேப்டாப். வண்டி பாய்ந்தது, எனக்குச் சந்தோஷம், அவருக்கு இல்லை. கம்ப்யூட்டர் கேட்டது 2150 மில்லிபார், வந்தது 2430. கேட்ட கோட்டுக்கு மேலே வந்த கோடு ஒட்டகத் திமில் மாதிரி எழும்பி நின்றது.

ஓரங்கட்டி, போனட்டைத் தூக்கி டார்ச் அடித்தார். கம்பியின் நட்டில் கம்பெனி வைத்த பெயின்ட் முத்திரை உடைந்திருந்தது. யாரோ, எப்போதோ, இழுவை குறைந்ததற்குக் கம்பியை முறுக்கிச் சரிக்கட்டியிருக்கிறார்கள். ஓட்டையை அடைக்காமல் ட்யூனிங். ஓட்டை இருந்தவரை அந்தத் தப்பு வெளியே தெரியவில்லை.

அரைச் சுற்று தளர்த்தி ஓர் ஓட்டம். இன்னோர் அரைச் சுற்று, இன்னோர் ஓட்டம். நான்காவது முறை இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. அதற்குள் வெயில் ஏறி, நடைப்பயிற்சிக்காரர்கள் இளநீர்க் கடைக்கு வந்துவிட்டார்கள்.

ஷெட்டுக்குத் திரும்பியபோது பெட்ரோல் டர்போ காரோடு ஓர் இளைஞர் காத்திருந்தார். இஞ்சின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து இருபது குதிரைத்திறன் ஏற்றவேண்டுமாம். வாரன்டி போகும், கிளட்ச் வழுக்கும் என்றார் அண்ணன். ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது என்று என் பங்குக்கு நானும் சொன்னேன். இளைஞர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

"லேப்டாப் அப்புறம் தம்பி. மொதல்ல லீக் இருக்கான்னு பாத்துடுவோம்," என்றார் அண்ணன்.

பையன் அதற்குள் போனட்டைத் திறந்து, ஒரு ஹோஸை நாக்கில் தொங்கவிட்டு, எங்களைப் பார்த்துத் திரும்பினான்.