அழிக்காதே, ரிவர்ஸல் போடு!

போன மாசம் இங்கே நாக்பூரில் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை அவசரத்தில் ஃபார்மட் பண்ணித் தொலைத்தேன். பி.காம். முடித்ததும் அப்பாவின் மளிகைக்கடைக்கு நான் எழுதிய கணக்கு ப்ரோக்ராம் அதில்தான் இருந்தது. அப்பா இப்போது இல்லை.

ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் கோப்புகளை மீட்டது, பெயர்களை அல்ல. எல்லாம் வெறும் நம்பர். மூன்று ராத்திரி ஒவ்வொன்றாகத் திறந்தேன். "அப்பா சொன்னது: கடன் பாக்கி தனியாக" என்றொரு கமெண்ட் வரி. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

இப்போது எல்லாம் கிட் என்ற வெர்ஷன் கன்ட்ரோலில். 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. பேங்க்காரனுக்குப் பழகிய விஷயம்தான் மக்களே: தப்பான என்ட்ரியை அழிக்கமாட்டோம், ரிவர்ஸல் போடுவோம். 'கிட் ரிவர்ட்' அதேதான். ஒரே டிஸ்க்கில் வைத்தால் மறுபடியும் போகும். ஊரில் தம்பி கம்ப்யூட்டரிலும் ஒரு காப்பி இருக்கிறது.