கரையில் இருப்பவர்களுக்கும் ஒரு தியோமான்

பள்ளி விடுமுறை வருகிறதென்றால் லயத்து வீடுகளிலும் இப்போது கடற்கரைப் பேச்சுதான். முன்பெல்லாம் தோட்டத்து லோரியிலோ வாடகை பஸ்ஸிலோ போர்ட் டிக்சன் போய், ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, கட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, தூங்கி வழிந்தபடி வீடு திரும்புவோம். இன்று தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். நண்பர்களோடு சேர்ந்து ஆழ்கடல் முக்குளிப்புப் பயிற்சி பெற்று, அதற்குரிய அட்டையோடு வந்து நிற்கிறார்கள். "அப்பா, இந்தத் தடவை எல்லோரும் தீவுக்குப் போவோம்" என்கிறார்கள்.

நல்ல செய்திதான். ஆனால் அந்த 'எல்லோரும்' யார் யாரென்று எண்ணிப் பாருங்கள், அன்பர்களே. முக்குளிக்கத் தெரிந்தவர் இருவர். நீந்தவே தெரியாதவர் நால்வர். கைக்குழந்தை ஒன்று. முழங்கால் வலியோடு ஒரு பாட்டி.

இந்தக் குடும்பம் முக்குளிப்பவருக்குப் பிடித்த இடத்தைத் தேடிப் போனால் என்ன நடக்கும்? காலையில் அவர்கள் படகேறிப் போய்விடுவார்கள். மற்றவர்கள் பைகளுக்குக் காவலாகக் கரையில் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா வீட்டில் செய்த வேலையையே அங்கும் கடற்காற்றில் நின்று செய்வார். அதற்குப் பணம் செலவழித்து அத்தனை தூரம் போக வேண்டுமா? ஆகவே, கரையில் இருக்கப்போகிறவருக்காக இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முக்குளிப்பவர் எப்படியும் தமக்குரிய கடலைத் தேடிக்கொள்வார்.

அப்படிப் பார்த்தால், கிழக்குக்கரைத் தீவுகளில் தியோமானையே நான் முதலில் சொல்வேன். சின்னத் தீவுகளில் கடலை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. தியோமானிலோ மலை உண்டு, அடர்ந்த காடு உண்டு, மக்கள் குடியிருக்கும் கம்பங்கள் உண்டு, கடை கண்ணி உண்டு. குனோங் காஜாங் சிகரம் 1,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. கடலில் கால் வைக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும் தாத்தாவுக்கும் அங்கே பார்க்க ஏதாவது இருக்கும்.

தீவு பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது என்றாலும், பெரும்பாலோர் ஜொகூரிலுள்ள மெர்சிங்கில்தான் படகு ஏறுகிறார்கள். பகாங் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ரொம்பின் வட்டாரத்தில் தஞ்சோங் கெமோக் துறை இருக்கிறது. மெர்சிங்கில் ஆற்றின் முகத்துவாரம் ஆழமில்லாதது. கடல் வற்றினால் படகு வெளியேற முடியாது. அதனால் புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறும். முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டு வீட்டை விட்டுக் கிளம்புங்கள். பயணம் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். தலைசுற்றல் உள்ளவர்கள் வயிறு முட்டப் பசியாறிவிட்டு ஏற வேண்டாம். படகின் பின்பகுதியில் உட்கார்ந்தால் குலுக்கல் குறையும்.

எப்போது போவது? தீபாவளிக்குப் பிறகு என்று திட்டமிடாதீர்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றின் ஆட்சி. கடல் கொந்தளிக்கும், படகுகள் நின்றுபோகும், விடுதிகள் பலவும் கதவைச் சாத்திவிடும். ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை நல்ல காலம். புரட்டாசி விரதம் இருக்கும் குடும்பங்கள் செப்டம்பர் நடுவுக்கு முன்பே போய் வந்துவிடுவது உத்தமம். தீவுச் சமையல் பெரும்பாலும் மலாய்ச் சமையல். இறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதாது. கீரையிலும் பெலாச்சான் இருக்கும், சம்பலில் நெத்திலி இருக்கும். "மீன், இறால், நெத்திலி, பெலாச்சான் எதுவும் வேண்டாம்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஊறுகாயும் பருப்புப் பொடியும் பையில் இருக்கட்டும்.

மெர்சிங் படகு தீவின் மேற்குக்கரையில் கெந்திங், பாயா, தெக்கேக், ஆயர் பாத்தாங், சாலாங் என்று வரிசையாக நின்று போகும். எங்கே இறங்கப் போகிறோம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் சாலாங்கைச் சொல்வார்கள், ஏனென்றால் முக்குளிப்புக் கடைகளுக்குப் பெயர் போன இடம் அது. பாட்டியும் குழந்தையும் உடன் வந்தால் என் ஓட்டு தெக்கேக்கிற்குத்தான். அங்கே அரசாங்கக் கிளினிக் இருக்கிறது, கடைகள் இருக்கின்றன, நடக்கச் சமமான பாதை இருக்கிறது. முக்குளிப்புப் படகு தெக்கேக்கிலிருந்தும் கிளம்புகிறது, பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆயர் பாத்தாங்குக்குப் போகும் வழியில் கடல் பூங்கா நிலையத்தின் படகுத்துறை இருக்கிறது. அதன் அடியில் மீன்கள் கூட்டங்கூட்டமாகத் திரியும். பாட்டி உடை நனையாமல் மேலே நின்றபடியே பார்த்து ரசிக்கலாம்.

தூண்டில் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. தியோமானைச் சுற்றியுள்ள கடல் 1994ஆம் ஆண்டு கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கரையிலிருந்து இரண்டு கடல் மைலுக்குள் மீன் பிடிக்கக் கூடாது. பவளத்தையும் சிப்பியையும் எடுத்து வரக் கூடாது. தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், மாமா!

இனி, நாளை எப்படிப் பங்கிடுவது? முக்குளிப்புக் காலை வேலை. பசியாறிவிட்டுப் போனால், இரண்டு முறை இறங்கி ஏறிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பிற்பகல் குடும்பத்துக்கு உரியது. கணவன், மனைவி இருவருமே முக்குளிப்பவர்கள் என்றால் ஒரு நாள் அவர், ஒரு நாள் இவர் என்று முறை வைத்துக்கொள்ளட்டும். இருவரும் ஒன்றாகக் கிளம்பிப் போய், ஓடியாடும் பேரப்பிள்ளைகளைக் கடலோரத்தில் பாட்டி தலையில் கட்டுவது நியாயமில்லை. அவரால் ஓடிப் பிடிக்கவும் முடியாது.

கரையில் இருப்பவர்களின் காலை வெறுமையாகக் கழிய வேண்டியதில்லை. தெக்கேக்கிலிருந்து கிழக்குக்கரையில் உள்ள ஜுவாராவுக்குக் காட்டுப் பாதை போகிறது, ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். காலில் வலுவுள்ளவர்கள் நடக்கலாம். மற்றவர்கள் மலைப் பாதையில் ஏறும் நான்கு சக்கர வண்டியில் போகலாம். நீண்ட மணற்கரை அது. ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் நிலையமும் அங்கே இருக்கிறது. ஒரு நாள் மட்டும் எல்லோரும் சேர்ந்து துலாய்த் தீவுக்குப் படகில் போங்கள். முக்குளிப்பவருக்கு ஆழமும், மற்றவர்களுக்கு மணலும் தெளிந்த நீரும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் முக்குளிப்புப் படகில் சும்மா உட்கார்ந்துவர பாட்டியை அழைத்துப் போகாதீர்கள். ஆடிக்கொண்டே நிற்கும் படகில், எண்ணெய்ப் புகையில், ஒரு மணி நேரம் உட்கார்வது தண்டனை.

நீந்தத் தெரியாதவர்களும் மீன் பார்க்கலாம். முகக் கண்ணாடி, மூச்சுக்குழாய், மிதவைச் சட்டை மூன்றும் வாடகைக்குக் கிடைக்கும். மிதவைச் சட்டையின் வார்களை இறுக்கிக் கட்டி, தோளில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காது வரை மேலேறினால் அது பெரிய அளவு, மாற்றிக் கேளுங்கள். முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மூச்சுவிட்டுப் பழகுங்கள். சேலை, கைலி, நீளப் பாவாடை எதையும் கட்டிக்கொண்டு இறங்காதீர்கள். நனைந்த துணி காலைச் சுற்றிக்கொள்ளும். கைநீளச் சட்டையும் ஒட்டிய காற்சட்டையும் போட்டால் வெயிலுக்கும் நல்லது, நம் பெண்களுக்குக் கூச்சமும் இருக்காது. இருதய நோய் உள்ளவர்கள் மூச்சுக்குழாயோடு ஆழத்துக்குப் போக வேண்டாம். பவளத்தின் மேல் நிற்காதீர்கள். லண்டாக் லாவுத்தின் கருப்பு முள் காலில் ஏறினால் உள்ளேயே ஒடிந்துபோகும்.

முக்கியமாக ஒன்று. தண்ணீரில் மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோல் கூச்சல் போடுவதில்லை. சத்தமே இல்லாமல் போய்விடுவார். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, அவர்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருவர் என்று ஆளை மாற்றிக்கொள்ளுங்கள்.

அண்ணனைப் பார்த்துத் தம்பிக்கும் ஆசை வரும். பத்து வயது நிரம்பியிருந்தால் பயிற்றுநரோடு ஆழமில்லாத இடத்தில் ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம். உடல்நலம் பற்றிய கேள்வித்தாளை நிரப்பச் சொல்வார்கள். இழுப்பு, காதில் சீழ், வலிப்பு இவற்றை மறைக்காமல் எழுதுங்கள். சளி பிடித்த நாளில் முக்குளிக்கவே கூடாது. காதுச் சவ்வு கிழியும். கர்ப்பிணிகளுக்கும் முக்குளிப்பு ஆகாது.

திரும்பும் வழியில் கெந்திங் மலைக்கோ கேமரன் மலைக்கோ போய்வர நினைக்கிறீர்களா? தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களுக்குக் கேமரன் வீடாகவும் இருக்கலாம். முக்குளிப்பவர் தோளில் சுமப்பது அழுத்தி அடைத்த காற்று. வெறும் பிராணவாயு அல்ல. ஆழத்தில் அந்தக் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கரைந்து தங்கிவிடும். கரையேறிய பின் மெல்ல மெல்ல வெளியேறும். அதற்குள் விமானத்திலோ உயர்ந்த மலையிலோ ஏறினால், மூடி திறந்த சோடாப் புட்டியில் பொங்குவதுபோல் உடலுக்குள் குமிழிகள் கிளம்பும். மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோய் விட்டுவிடும். பலமுறை முக்குளித்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது விதி. மலைக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். ஆகவே கடைசி முக்குளிப்பைப் புறப்படுவதற்கு முந்தின நாள் காலையிலேயே முடித்துவிடட்டும். பேரப்பிள்ளைகளுக்கு ஸ்ட்ராபெரித் தோட்டம் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தால், மெர்சிங்கில் இறங்கிய அன்றே மலையேறாமல் வழியில் ஓர் இரவு தங்கிப் போங்கள்.