சேக்காடு சாரும் முடிச்சுக் கயிறும்!

ஒரு காலேஜ் பேரையே ரயில்வே ஸ்டேஷனுக்கு வச்சிருக்காங்க, தெரியுமா? மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில் ஆவடி தாண்டிப் போற லோக்கல் ட்ரெயினில் ஏறுங்க. வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர்னு வரிசையா வரும். ஆவடியில் பாதிப் பெட்டி காலி. அடுத்தது இந்துக் கல்லூரி. அங்கே இறங்கி, சேக்காட்டுக்கு வழி கேட்டுக்கிட்டு நடங்க.

ரயில் சத்தமும் சி.டி.எச். ரோட்டு லாரி சத்தமும் மாறி மாறிக் கேட்கிற ஏரியா. டாங்க் தயாரிக்கிற ஆவடி, 2019-ல் மாநகராட்சி ஆனது. பட்டாபிராமில் 2024-ல் 21 மாடி டைடல் பார்க் திறந்தாச்சு. 'இனிமே இங்கே காலி கிரவுண்டு எங்கே மிஞ்சும்?' என்று அலுத்துக்கொண்டார் வழி சொன்ன டீக்கடை அண்ணன். நான் தேடி வந்ததும் கிரவுண்டு விஷயமாத்தான்!

எங்க பி.டி. சார் வீடு இங்கேதான். சாஃப்ட்பால் கோச். போன மே மாசம் ரிட்டயர் ஆனார். (சாஃப்ட்பால்னா கையைக் கீழிருந்து சுழற்றிப் போடுற, பேஸ்பாலின் தங்கச்சி. பேர்லதான் சாஃப்ட். கேட்ச்சரான என் கட்டை விரலைக் கேளுங்க, சொல்லும்.) அவர் போனதும் பேட், க்ளவ்ஸ் எல்லாம் ஸ்டோர் ரூமுக்குள்ளே போயிடுச்சு. சாவி யார்கிட்டேனு ஆபீஸ்ல ஆளாளுக்குக் கை காட்டுறாங்க. ஃபர்ஸ்ட் இயர் பொண்ணுங்க மூணு பேர் மட்டும், ''அக்கா, செலக்‌ஷன் எப்போ?''னு விடாம கேட்கிறாங்க. நான் தேர்ட் இயர். அடுத்த வருஷம் முடிச்சுட்டுப் போயிடுவேன். அப்புறம்?

மோர் கொடுத்த சாரிடம், நான் படிச்சுட்டுப் போன கதைகளை எடுத்து விட்டேன். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கரோல் ஹட்சின்ஸ் 38 சீஸன் கோச்சாக இருந்து, 1,707 வெற்றிகளோடு 2022-ல் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு வந்தவர் போனி தோல். ஹட்சின்ஸிடமே ஆடி, அவருக்கே பல வருஷம் உதவிக் கோச்சாக இருந்தவர். அரிசோனாவில் எட்டு தேசியப் பட்டம் வாங்கித் தந்த மைக் கேண்ட்ரியா 2021-ல் விலகியதும், அவருடைய பழைய ஆட்டக்காரி கெய்ட்லின் லோ பொறுப்பேற்றார். முதல் வருஷமே டீமைக் கடைசி எட்டு அணிகள் ஆடும் வேர்ல்டு சீரிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்!

சார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

''அவங்க ஆள் தயார் பண்ணிட்டுப் போனாங்கம்மா. நான் பண்ணலை. கிரவுண்டை நானே அளந்தேன், நானே சுண்ணாம்புக் கோடு போட்டேன், ஸ்கோர் ஷீட்டும் நானே எழுதினேன். நீங்க தப்பாப் போட்டுடுவீங்கனு தொடவே விடலை. இப்ப அங்கே யாருக்கு என்ன தெரியும்?''

சார் தன்னைத் தானே திட்டிக்கொள்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு என்ன சொல்றதுனே தெரியலை. எழுந்து போனவர், பழுப்பேறிய ஒரு நைலான் கயிறோடு வந்தார். நடுவில் மூணு முடிச்சு.

பக்கத்துக் காலி மனைக்குக் கூட்டிப் போனார். கிரிக்கெட் ஆடிய பசங்க ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஹோம் பிளேட்டில் ஒரு முனை. 84 அடி 10 அங்குலத்தில் இருக்கிற முடிச்சு செகண்ட் பேஸ். இன்னொரு 60 அடி முடிச்சைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் ஃபர்ஸ்ட் பேஸ், அந்தப் பக்கம் இழுத்தால் தேர்டு. 60-ஐ ரூட் டூவால் பெருக்குங்க, புரியும். மூணு செமஸ்டர் மேத்ஸ் பாஸ் பண்ணின எனக்கு, நாலாவது தடவைதான் சதுரம் சரியா விழுந்தது.

''கோணலாயிடுச்சு, மறுபடி இழு''னு சொன்னாரே தவிர, கயிறைத் தன் கையில் வாங்கவே இல்லை சார்.

ஸ்டோர் ரூம் சாவி இன்னும் கிடைக்கலை. கயிறு என் பேக்கில் இருக்கு. சனிக்கிழமை காலை ஆறரைக்கு அந்த மூணு பொண்ணுங்களும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. ஒரு முனையை அவங்கதான் பிடிக்கணும்.