நைலுக்குப் போகும் முன் கீழ்வாலைக்கு

ரயில் மாறுவதற்காக விழுப்புரம் ஜங்ஷனில் இறங்குகிறவர்களுக்கும், பஸ் நிற்கும் நேரத்தில் டீ குடிக்கத் திண்டிவனத்தில் இறங்குகிறவர்களுக்கும் இவை இரண்டும் வழியில் வரும் ஊர்கள், அவ்வளவுதான். இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கும் பள்ளிக்கூடம் வேறு விதமாகச் சொல்லித் தரவில்லை. நாகரிகம் பிறந்த இடங்கள் என்று நைல், யூப்ரடீஸ் - டைக்ரிஸ், சிந்து, மஞ்சளாறு ஆகியவற்றை வரைபடத்தில் குறித்து மதிப்பெண் வாங்கினோம். எங்கள் தென்பெண்ணையும் சங்கராபரணியும் அந்தப் படத்தில் இல்லை.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் கீழ்வாலை என்றொரு கிராமம். அங்கே பெரிய பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றில் ஒரு பாறையை ‘ரத்தக்குடைக்கல்’ என்கிறார்கள். அதன் அடியில் குனிந்து பார்த்தால் செங்காவியில் தீட்டிய உருவங்கள் தெரியும். பறவை முகம் கொண்ட மனிதர்கள் நிற்கிறார்கள். ஒருவன் விலங்கின் மீது அமர்ந்திருக்க, இன்னொருவன் அதைக் கயிற்றால் பிடித்து நடத்திச் செல்கிறான். படகில் சிலர் போகிறார்கள். என்னவென்று இன்றும் யாரும் உறுதியாகப் படித்துச் சொல்லிவிடாத குறியீடுகளும் இருக்கின்றன. இவற்றுக்குச் சுமார் மூவாயிரம் ஆண்டு வயது இருக்கும் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

அந்தப் பாறை நிழலில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரே கேள்விதான் எழும். வேட்டைக்கும் கிழங்குக்கும் அலைந்தவனுக்கு, காவிக்கல்லைத் தேடி எடுத்து, அரைத்துக் குழைத்து, பாறையில் தீட்ட ஏன் தோன்றியது? அதனால் அவன் வயிறு நிறைந்திருக்காது. தான் கண்டதை இன்னொருவன் காண வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு இருந்திருக்கிறது. அந்த இன்னொருவன் தன் குழுவில் இருப்பவனாகவும் இருக்கலாம், இனிமேல் பிறக்கப் போகிறவனாகவும் இருக்கலாம்.

முதலில் உழவு, அதில் மிஞ்சிய தானியம், பிறகு ஊர், நகரம், கோயில், எழுத்து. நாகரிகம் வளர்ந்த வரிசையாக நாம் படித்தது இது. சுமேரியரின் உருக் நகரத்துக்கு இந்த வரிசை பொருந்தும். அங்கே கி.மு. 3300 வாக்கில் எழுதப்பட்ட களிமண் பலகைகளில் பெரும்பாலானவை தானியக் கணக்கும் கூலிக் கணக்கும்தான். ஆனால் துருக்கியின் தென்கிழக்கில், உர்ஃபா நகருக்கு அருகே உள்ள கோபெக்லி தெபே இந்த வரிசையைக் கேள்விக்கு உள்ளாக்கியது. 1995 முதல் ஜெர்மானியத் தொல்லியலாளர் கிளாஸ் ஷ்மிட் அங்கே அகழ்ந்தபோது, விலங்குருவங்கள் செதுக்கிய ஐந்து மீட்டர் உயரக் கல்தூண்கள் வட்டம் வட்டமாக வெளிப்பட்டன. காலம் கி.மு. 9500 வாக்கில். உழவு வேரூன்றாத அந்த நாளில், வேட்டையாடி வாழ்ந்தவர்கள் கூடிச் சேர்ந்து அந்தத் தூண்களை நிறுத்தியிருக்கிறார்கள். ஆக, வயிற்றுக்கு அப்பாற்பட்ட ஒரு காரியத்துக்காகப் பலர் ஒன்றுகூடியது நகரத்துக்கும் எழுத்துக்கும் முந்தியது.

எங்கள் பக்கத்துப் பழங்கற்களும் இதையே சொல்கின்றன. உடையாநத்தத்தில் விசிறி போல விரிந்த ஒரே பலகைக் கல்லை, மனித வடிவம் தோன்றச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஆளுயரத்தை மிஞ்சிய கல் அது. பத்துக் கைகள் சேராமல் அசைந்திருக்காது. திண்டிவனத்துக்கு வடக்கே, வந்தவாசி வட்டத்தில் இருக்கிறது கீழ்நமண்டி. அங்கே கல்வட்டங்களுக்கு நடுவே சுடுமண் ஈமப்பேழை கிடைத்தது. தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை அதன் காலத்தை கி.மு. 1692 என்கிறது. இறந்தவருக்காக மண் பிசைந்து, பேழை வனைந்து, சுட்டு, சுற்றிலும் பாறைகளை உருட்டி வைத்திருக்கிறார்கள். செத்தவர் திரும்பி வந்து கைம்மாறு செய்ய மாட்டார் என்று தெரிந்தும் இத்தனை உழைப்பு. இதை நாகரிகம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகவில்லை. திண்டிவனத்தின் ஒரு பகுதியான கிடங்கில், சங்க கால ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனின் ஊர். சிறுபாணாற்றுப்படை அவனைப் பாடியது. அந்த நூல் சொல்லும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்கிறார்கள் அறிஞர்கள். பாறையில் படகு வரைந்த நிலத்தில், பிற்காலத்தில் துறைமுகம் வைத்து வாணிகம் செய்தார்கள். பாணர்களை வரவேற்றுச் சோறும் பரிசும் கொடுத்தார்கள்.

தெற்கே தூத்துக்குடி மாவட்டச் சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 என்று அதே அறிக்கை சொன்னபோது நானும் பெருமைப்பட்டேன். ஆனால், யார் மூத்தவர் என்ற போட்டியோடு அந்தப் பெருமை நின்றுவிடக் கூடாது. அடுத்தவருக்காகவும் அடுத்த தலைமுறைக்காகவும் ஒன்றைச் செய்து வைப்பதில்தான் நாகரிகம் தொடங்கியது என்றால், நம் முறைக்கு நாம் என்ன வைத்துவிட்டுப் போகிறோம் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. இந்த மாவட்டத்தில் குன்றுகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டு, கிரஷரில் அரைபட்டு, ஜல்லியாக லாரி ஏறுகின்றன. வீட்டுக்கும் சாலைக்கும் கல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எந்தக் குன்றில் ஓவியம் இருக்கிறது, எந்த மேட்டில் கல்வட்டம் இருக்கிறது என்று பார்த்துக் குறித்து வைத்த பிறகுதான் குவாரிக்கு உரிமம் கொடுக்க வேண்டும். ஒருமுறை உடைந்த பாறையை எந்த அரசாலும் ஒட்ட வைக்க முடியாது.

வரலாற்று ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நைலைப் பற்றிப் பாடம் நடத்தும் முன் ஒரு நாள் பிள்ளைகளைக் கீழ்வாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஓவியம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அதன்மேல் தண்ணீர் தெளிக்க விடாதீர்கள். தொடவும் பெயர் கிறுக்கவும் விடாதீர்கள். தங்கள் ஊர்ப் பாறையைக் காக்கத் தெரிந்த பிள்ளைகள் போதும், இந்த மாவட்டத்தின் பழமை பிழைத்துக்கொள்ளும்.