மடையும் கலுங்கும் ரியாக்டிவும்

ரியாக்டிவ் படிக்கிறேன்னு சொன்னா "இன்னுமா?"ங்கறாங்க. நியாயமான கேள்விதான்.

டாம்கேட்ல ஒரு ரெக்வெஸ்ட்டுக்கு ஒரு த்ரெட். நாமளா மாத்தாத வரைக்கும் உச்சவரம்பு 200. டேட்டாபேஸ் பதிலுக்கு 200 பேரும் கையைக் கட்டிக்கிட்டு நின்னா, 201-வது ஆள் வாசல்லயே நிக்கணும். இதுக்கு மருந்தா 2017-ல ஸ்பிரிங் 5 கூட வந்தது வெப்ஃப்ளக்ஸ். சில த்ரெட்டே போதும், ஆனா எதுவும் காத்து நிக்கக்கூடாது. நடுவுல ஒரு ஜேடிபிசி கால் புகுந்தா அந்த த்ரெட்டை நம்பியிருக்கிற அத்தனை ரெக்வெஸ்ட்டும் அம்போ. 2023-ல ஜாவா 21 விர்ச்சுவல் த்ரெட் வந்ததும் பழைய மாதிரியே எழுதலாம்னு ஆயிடுச்சு. அப்புறம் எதுக்கு இந்த மோனோ, ஃப்ளக்ஸ் அவஸ்தை?

பேக்பிரஷருக்காக.

பாலவனத்தம் பக்கம் கண்மாய்ப் பாசனம் பாத்தவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். கண்மாய் நிறைஞ்சு கிடந்தாலும் வயலுக்கு வேண்டிய அளவுதான் மடை திறப்பாங்க. ஃப்ளக்ஸ்லயும் வாங்கறவன் பத்து கேட்டா பத்துதான் வரும். வரத்தை நிறுத்த முடியலையா? தேக்கலாம், அது பஃபர். மிஞ்சினதைக் கலுங்கு வழியா விடலாம், அது ட்ராப். அளவில்லாம தேக்கிக்கிட்டே போனா கரை உடையும். சர்வர்ல அதுக்குப் பேரு அவுட் ஆஃப் மெமரி :-)

விர்ச்சுவல் த்ரெட் காத்திருக்கிற செலவைத்தான் குறைக்கும். மடையை நாமதான் தனியா வைக்கணும். சாதாரண சர்வீஸ்னா அதுவே போதும், ஃப்ளக்ஸ் வேணாம். லட்சக்கணக்கான ரெக்கார்டைத் தொடர்ச்சியா அனுப்பற வேலைன்னா தொட்டுப் பாருங்க.

இப்போ லிமிட்ரேட் வரைக்கும் வந்துட்டேன். ஸ்டாக் ட்ரேஸ்தான் இன்னும் கண்ணைக் கட்டுது.