ஐயனார் காட்டில் ஆடி அமாவாசை

குறிஞ்சிப்பாடி என்ற பெயரில் குறிஞ்சி இருக்கிறது; தங்குமிடம் என்று பொருள்படும் 'பாடி'யும் இருக்கிறது. மலைதான் இல்லை! மலைக்காட்டில் ஜனங்கள் பாடியிறங்குவதைக் காண, நம்மூரார் பாபநாசத்துக்கல்லவா பிரயாணம் செய்ய வேண்டும்?

ஆடி அமாவாசையில், பொதிகைச் சாரலிலுள்ள காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலைச் சுற்றி ஓர் ஊரே முளைத்துவிடுகிறது. குடும்பம் குடும்பமாக வந்து, தாமிரவருணிக் கரையில் குடில் கட்டி, அடுப்பு மூட்டி, கிழவர் முதல் கைக்குழந்தை வரை காட்டிலேயே இரவைக் கழிக்கிறார்கள்.

1988-இல் அவ்வனம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாயிற்று; தமிழ்நாட்டில் அதுவே முதலாவது. பின்னர் குடிலுக்கு இடமும் நாளும் வனத்துறையார் வரையறுத்தனர். "முன்போலத் தங்க முடியவில்லையே" என்போர் குறையில் நியாயமுண்டு; அவர்கள் வேடிக்கை பார்க்க வந்த அந்நியரல்லர். ஆயினும் அக்காலத்து ஓலையும் மண்சட்டியும் மண்ணோடு மண்ணாயின. இக்காலத்துப் பிளாஸ்டிக் பை அப்படிப் போகுமா? அந்த ஆற்று நீரையே திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன!

நாளைக் குறைத்தது சரியே. குடில் போடுவதையே நிறுத்திவிட வேண்டுமென்போரின் கட்சியில் மட்டும் நாம் சேரமாட்டோம். சோதனைச் சாவடியில் மூட்டையை அவிழ்க்கச் சொன்னால் முகம் சுளிக்கும் அன்பர்கள், துணிப்பையும் பித்தளைச் செம்புமாக வீட்டிலிருந்து புறப்படட்டுமே!