மன்னிப்புக்கு மூன்று சொற்கள்

"அன்னைக்கு நீ மட்டும் விட்டிருந்தா..."

எங்கள் வீட்டில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் புழங்கிய வாக்கியம் இது. சொல்வது நான். கேட்டுக்கொண்டிருப்பது என் மனைவி.

மூத்தவளுக்கு ஒரு வயதிருக்கும்போது எனக்கு சவுதிக்கு விசா வந்தது. "கைப்பிள்ளையோட இந்தக் காட்டுல நான் தனியா இருக்க மாட்டேங்க" என்று அழுதாள். நான் போகவில்லை. தேவர்சோலையிலேயே கொஞ்சம் தேயிலை, ஒரு சின்னக் கடை என்று காலம் ஓடியது. போன நண்பர்கள் கூடலூரில் மாடிவீடு கட்டினார்கள்.

கொழுந்து விலை இறங்கும்போதெல்லாம், பிள்ளைகள் தூங்கிய பிறகு, அந்த வாக்கியம் வந்துவிடும். அவள் ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளை நான் என்றோ மன்னித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

போன ரமலானில் பள்ளிவாசலில் உஸ்தாது திருக்குர்ஆனின் 64ஆம் அத்தியாயம், 14ஆம் வசனத்தை விளக்கினார். மனைவி மக்களிலும் சிலர் உங்களுக்குப் பகையாக அமையலாம், கவனம் என்று தொடங்குகிற வசனம். அது இறங்கிய பின்னணி திர்மிதி ஹதீஸ் நூலில் இருக்கிறது. மக்காவில் இஸ்லாத்தை ஏற்ற சிலர் மதீனாவுக்குப் புறப்பட நினைத்தபோது, குடும்பத்தார் விடவில்லை. பிறகு போய்ப் பார்த்தால், முன்னால் போனவர்கள் மார்க்க அறிவில் எங்கோ போயிருந்தார்கள். கோபத்தில் குடும்பத்தாரைத் தண்டிக்க நினைத்தார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது என் கதையல்லவா?

அந்த வசனம் குடும்பத்தாரை மன்னிக்கச் சொல்லித்தான் முடிகிறது. அதற்கு மூன்று சொற்களை அடுத்தடுத்து வைக்கிறது. தமிழில் படித்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றும். அரபியில் மூன்றுக்கும் வேர் வேறு.

முதல் சொல் 'அஃப்வு'. பாலைவனத்தில் காற்று வந்து காலடித் தடத்தை அழிப்பதற்கும் இதே வேர்தான். குற்றத்துக்குத் தண்டனை தராமல் விட்டுவிடுவது.

இரண்டாவது 'ஸஃப்ஹு'. இதன் வேரிலிருந்துதான் பக்கத்தைக் குறிக்கும் 'ஸஃப்ஹா' வருகிறது. குத்திக்காட்டாமல் விடுவது என்று பொருள். குர்ஆன் சொற்களுக்கு அகராதி எழுதிய ராகிப் அல்இஸ்ஃபஹானி, இது முதலாவதைவிட மேலானது என்கிறார். ஒருவர் தண்டிக்காமல் விடலாம். ஆனால் சொல்லிக்காட்டுவதை விடாமல் இருக்கலாம் அல்லவா?

மூன்றாவது 'மஃபிரத்'. நாம் தினமும் சொல்லும் 'அஸ்தஃபிருல்லாஹ்'வுக்குள் இருக்கும் வேர். மூடிப் பாதுகாப்பது என்று பொருள். போர்வீரன் தலையைக் காக்கும் கவசத்துக்கு 'மிஃபர்' என்று பெயர். கவாத்து வெட்டிய தேயிலைச் செடி வெயிலில் கருகாமலிருக்க, வெட்டிய கிளைகளையே அதன்மேல் போட்டு வைப்போமே, அந்த மாதிரி. அடுத்தவர் குறை வெளியே தெரியாமல் மூடிக் காப்பது.

அன்றிரவு வீட்டுக்கு நடந்து வரும்போது கணக்குப் பார்த்தேன். நான் முதல் சொல்லோடு நின்றுவிட்டேன். இரண்டாவதுக்குள் நுழையவே இல்லை.

பெருநாளுக்கு மூத்தவள் வந்திருந்தாள். பேச்சுவாக்கில், "நான் சவுதிக்குப் போயிருந்தா உங்களை இன்னும் நல்லாப் படிக்க வெச்சிருப்பேன்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். "எங்களை விட்டுப் பிரிய மனசில்லாம நீங்களே விசாவை வேண்டாம்னு சொல்லிட்டீங்களாமே அத்தா? சின்ன வயசுல இருந்து அம்மா இதைத்தானே எங்ககிட்ட சொல்லுவாங்க!"

அடுப்படியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது சொல் இத்தனை வருடமும் என் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

கொழுந்து விலை இந்த மாதமும் இறங்கித்தான் இருக்கிறது. அந்த வாக்கியத்தை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை.